பழைய தர்மாஸ்பத்திரிக்கு நிரந்தரக் காட்சிக்கூடம்: எங்கிருந்து தொடங்குவது?

மாந்தோப்பு
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பழைய ஆஸ்பத்திரி. பெயர் இங்கே வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதைத் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். நோயாளிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியாகிவிட்டது. பழைய ஓட்டுக் கட்டடத்தில் நான்கு அறைகளையும் முன்னால் இருக்கும் நீளத் தாழ்வாரத்தையும் நிரந்தரக் காட்சிக்கூடமாக்கப் போகிறார்கள். நான் மரவேலை, உள்ளலங்கார வேலை எடுத்துச் செய்கிறவன். திட்டம் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு இது வெறும் வேலை கிடையாது. என் அம்மா அங்கே முப்பத்தொரு வருடம் ஆயாவாக இருந்தார். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். தாழ்வாரத்துக் கல்தூணில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அம்மா பணி முடிந்து வரும்போது பினாயில் வாசனையும் கூடவே வரும்.

எங்கள் ஊரில் கண்காட்சி என்றால் மாங்கனிக் கண்காட்சிதான். கூட்டம் வரும், பார்க்கும், சில வாரத்தில் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். இது அப்படியில்லை. குறைந்தது இருபது வருடம் நிற்க வேண்டும்.

முன்பு ஒருவர் போட்டுக் கொடுத்த வரைபடம் கையில் இருக்கிறது. முதல் அறையில் நிறுவியவர்கள், பெரிய டாக்டர்கள் படம். இரண்டாவதில் கண்ணாடிப் பெட்டிக்குள் கருவிகள். மூன்றாவதில் தொடுதிரை. நான்காவதில் நன்கொடையாளர் பெயர்க் கல்வெட்டு. தாழ்வாரத்தைச் செருப்பு விடும் இடம் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மூன்று தலைமுறை ஜனம் காத்துக்கிடந்த இடம் அது.

கிடங்கில் இருப்பவை: நாற்பது சொச்சம் பேரேடுகள், எனாமல் தட்டுகள், ஸ்டெரிலைசர், பம்ப் ஸ்டவ், கண்ணாடி சிரிஞ்சுகள், எக்ஸ்ரே படச்சுருள் கட்டுகள், ஒரு பிரசவ மேஜை, பீங்கான் ஜாடிகள், மருந்து கலக்கும் கல்வம். எங்கிருந்து தொடங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்
ஞாயிறு, இரவு 9.48

தம்பி, தாழ்வாரத்திலிருந்தே தொடங்குங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். பாட்டியோடு மாட்டு வண்டியில் வருவோம். மருந்துக்கு நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். பாட்டி விளக்கெண்ணெய் பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவி, முந்தானையில் சுற்றி எடுத்து வருவார். கம்பவுண்டர் சன்னல் வழியாக வாங்கி, இளஞ்சிவப்பு மிக்சரை ஊற்றுவார். அப்புறம் ஒரு காகிதத் துண்டை நீளவாக்கில் மடித்து, கத்தரிக்கோலால் ஓரத்தில் முக்கோணம் முக்கோணமாக வெட்டுவார். பிரித்தால் ஏணிப்படி மாதிரி இருக்கும். பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டிவிடுவார். ஒரு வெட்டு ஒரு வேளை. எழுத்துத் தெரியாத பாட்டி அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்து, அளவு தப்பாமல் குடிப்பார்.

அந்தக் காகிதத்தை வையுங்கள். பத்துக் கருவி சொல்லாததை அது சொல்லும்.

அரூர்வாசி
ஞாயிறு, இரவு 10.30

அருங்காட்சியகங்களுக்குப் பொருள் பாதுகாப்பு வேலை செய்துகொடுப்பவன் நான். ஒரே ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம்.

சுவரில் கை வைக்காதீர்கள். வேலை ஆரம்பித்த முதல் வாரமே சுண்ணாம்பைச் சுரண்டி, சிமெண்ட் பூசி, வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் காட்சிக்கூடம் என்று நம்மூரில் ஆரம்பிப்பார்கள். கட்டடம்தான் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய காட்சிப்பொருள்.

லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் பழைய அறுவை அரங்கு ஒரு தேவாலயத்தின் கூரைக்கடியில் இருக்கிறது. 1822ல் கட்டியது. 1862ல் ஆஸ்பத்திரி இடம் மாறியதும் அதை அடைத்துவிட்டார்கள். சுமார் நூறு வருடம் யாருக்கும் ஞாபகமில்லை. 1950களில் ஒருவர் மேலே ஏறிப் பார்த்துக் கண்டுபிடித்தார். இன்று உள்ளே போனால் ஒரு மர மேஜை, சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்த்த மரப்படிகள், மேலே வெளிச்சத்துக்குக் கண்ணாடிக் கூரை. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை, அந்த இடமே பேசுகிறது.

உங்கள் கட்டடத்தில் வடக்குப் பார்த்துப் பெரிய சன்னல் வைத்த அறை இருந்தால் அதுதான் பழைய ஆபரேஷன் அறையாக இருக்கும். வடக்கு வெளிச்சத்தில் நேர் வெயில் அதிகம் விழாது, நிழல் அவ்வளவாக ஆடாது. அந்தச் சன்னலைப் பலகை வைத்து அடைத்துவிடாதீர்கள். ஓடு மங்களூர் ஓடா? உடைந்தது ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் 1865ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான் இந்த வகை ஓடு தெற்கெல்லாம் பரவியது. எந்த ஊர் ஓடு என்பதுகூட ஒரு செய்திதான்.

கல்தூண்
திங்கள், காலை 7.15

எல்லோரும் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

நிறுவியவர்கள் படத்தை ஏதோ குற்றம் போலப் பேசாதீர்கள். வெளியூரிலிருந்து வந்து, கரண்ட் இல்லாத காலத்தில், அரிக்கேன் விளக்கை வைத்துப் பிரசவம் பார்த்த டாக்டர்கள் இருந்தார்கள். கல்லும் மரமும் காசும் கொடுத்த குடும்பங்கள் இருந்தன. என் தாத்தா அந்தத் தூண்களுக்குக் கல் கொடுத்தவர்களில் ஒருவர். அவர் பெயர் எங்கேயும் இல்லை, அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் கொடுத்தவர்களை மொத்தமாக ஓரம் கட்டினால் நாளைக்கு எவர் கொடுப்பார்? கூடத்தைப் பராமரிக்கவும் பணம் வேண்டும்.

மாந்தோப்பு
திங்கள், காலை 8.02

அண்ணா, ஓரம் கட்டச் சொல்லவில்லை. வரிசையைத்தான் கேட்கிறேன். நோயாளி நடந்து வந்த வழியிலேயே பார்க்க வருகிறவரும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. முதலில் தாழ்வாரம், அப்புறம் சீட்டு எழுதும் சன்னல், டாக்டர் அறை, மருந்து கொடுக்கும் இடம், வார்டு. டாக்டர் அறைக்குள் போகும்போது டாக்டரைப் பார்க்கட்டும். தூணுக்குப் பக்கத்தில் நிற்கும்போது தூண் கொடுத்தவரைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும். எல்லாப் படத்தையும் ஒரே அறையில் மாலை போட்டு மாட்டினால் எவரும் நின்று பார்க்க மாட்டார்கள். உங்கள் தாத்தா கல் கொடுத்த கதையைத் தூணிலேயே வைக்கிறேன். எந்தக் குவாரி, எப்படி வண்டியில் வந்தது, உங்களுக்குத் தெரிந்ததை அனுப்புங்கள்.

கல்தூண்
திங்கள், காலை 8.20

அப்படியென்றால் சரி. வீட்டில் பெரியம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்.

வெள்ளைத்தொப்பி
திங்கள், மாலை 6.40

ஓய்வுபெற்ற நர்ஸ். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல்தானே, அதற்கு முன் எங்களுக்கு எல்லாமே தர்மபுரிதான்.

பேரேடுகள் பற்றிச் சொல்ல வேண்டும். மாந்தோப்பு, தயவுசெய்து அவற்றை அப்படியே திறந்து கண்ணாடிக்குள் வைத்துவிடாதீர்கள். ஒரு வரியில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், வயது, நோய் எல்லாம் இருக்கும். தொழுநோய் என்று எழுதியிருக்கும். கருக்கலைவு என்று எழுதியிருக்கும். அந்த அம்மாவின் பேத்தி இன்றும் அதே ஊரில் இருப்பாள். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, முழுதாகக் குணமாகிறது. ஆனாலும் பெண் பார்க்க வரும்போது அந்த வீட்டில் இருந்ததாமே என்று கேட்கிறவர்களை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். பெயரை மட்டும் மறைத்தால் போதாது. ஐம்பது வீடு உள்ள ஊரில் சாதியும் வயதும் நோயும் தெரிந்தால் ஆள் யாரென்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. பேரேட்டின் கடைசிக் கட்டத்தில் குணமாகிப் போனார், இறந்தார் என்று எழுதுவோம். சொல்லாமல் போய்விட்டவர்களுக்கு அப்ஸ்காண்டட் என்று எழுதுவோம். ஏதோ திருடன் ஓடிப்போன மாதிரி. மாங்காய் பறிப்புக் காலத்திலும் ராகி அறுப்புக் காலத்திலும் அந்த வார்த்தை வரிசையாக வரும். கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு எழுந்து போனவர்கள் அவர்கள். சின்ன வயதில் நானும் கோபமாகத்தான் எழுதினேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது. அந்த ஒரு வார்த்தையை வையுங்கள், எவர் பெயரும் இல்லாமல்.

ராயக்கோட்டை
திங்கள், இரவு 8.11

நர்ஸ் அக்கா சொல்வது நியாயம்தான். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். என் அப்பா அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர். பிறந்த தேதி எங்கேயும் பதிவில்லை, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான். அந்தப் பேரேட்டில் என் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். எல்லாவற்றையும் மூடிவிட்டால் எங்களுக்கு மிச்சம் என்ன?

வெள்ளைத்தொப்பி
திங்கள், இரவு 8.35

தம்பி, உங்களுக்கு மூடச் சொல்லவில்லை. உங்கள் பாட்டியின் வரியை உங்களுக்குக் காட்டலாம். ஊருக்குக் காட்ட வேண்டாம். எழுதிக் கொடுத்து, உறவு என்று உறுதி செய்து, தனி அறையில் உட்கார்ந்து பார்க்கும்படி வைக்கலாம். அதற்கு ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும். ஆனால் அந்த அறை திட்டத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றால் சேர்க்க மாட்டார்கள்.

அரூர்வாசி
செவ்வாய், காலை 6.50

அக்காவின் யோசனை ரொம்பச் சரி. பொதுவில் வைக்க வேறு வழி ஒன்று சொல்கிறேன். ஒரே ஒரு வருடத்துப் பேரேட்டை எடுத்து, எந்த நோய்க்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. காய்ச்சல் ஒரு ஜாடி, பிரசவம் ஒரு ஜாடி, பாம்புக்கடி ஒரு ஜாடி. உங்களிடம் பீங்கான் ஜாடி இருக்கிறதே, அதே உயரத்தில் கண்ணாடி ஜாடி செய்து வையுங்கள். பல்லாங்குழி ஆடிய ஊருக்குப் புளியங்கொட்டைக் கணக்கை விளக்கவே வேண்டாம். கொட்டையை வறுத்து நிரப்புங்கள், இல்லாவிட்டால் வண்டு விழும்.

இப்போது ஆபத்தானவற்றைச் சொல்கிறேன். இதில் விளையாட்டு வேண்டாம்.

எக்ஸ்ரே கட்டுகளை உடனே தனியாக எடுத்து வையுங்கள். 1930களுக்கு முந்தைய படச்சுருள் சில நைட்ரேட் அடிப்படையில் செய்தவை. பழசானால் தானே தீப்பிடிக்கும், நச்சுப்புகை வரும். 1929ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே படங்கள் எரிந்த புகையில் 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படத்தின் ஓரத்தில் சேஃப்டி என்று அச்சிட்டிருந்தால் அது அந்த வகை இல்லை. காடி வாசனை அடித்தால் அது அசிடேட் வகை, கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், மற்றவற்றோடு வைக்காதீர்கள். ஓரத்தில் எதுவும் எழுதியில்லாமல், பிசுபிசுப்பாகவோ தூளாகவோ இருந்தால் தொடாமல் விட்டுவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பாதரச ரத்த அழுத்தக் கருவி, தெர்மாமீட்டர் இருந்தால் பாதரசத்தை முறையாக எடுத்த பிறகுதான் காட்சிக்கு. ஒரு பள்ளிக்கூடப் பையன் பெட்டியில் இடித்தாலே போதும், உடைந்துவிடும்.

பேரேடும் துணியும் இருக்கும் இடத்தில் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. கைபேசியில் இருக்கும் வெளிச்ச அளவி தோராயமாகத்தான் காட்டும், ஆனாலும் மேற்குச் சன்னலின் கொடுமையைத் தெரிந்துகொள்ள அது போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பக்கத்தைத் திருப்புங்கள். மூலத்துக்குப் பதில் நல்ல நகல் வைத்தால் இன்னும் நல்லது.

ஏ.சி. போடலாமா என்று கேட்பார்கள். பகலில் போட்டு ராத்திரி அணைப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். ஈரப்பதம் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் காகிதம் சீக்கிரம் சாகும். தடித்த சுவர், ஓட்டுக் கூரை, எதிரெதிர்ச் சன்னல் என்று அந்தக் கட்டடம் காற்றைத் தானே பார்த்துக்கொள்ளும்படி கட்டியது. அதை நம்புங்கள். ராமபாணப் பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போடாதீர்கள். அலமாரியைப் பெருக்கித் துடைத்து, வசம்பைத் துணியில் முடிந்து வைத்து, மாதம் ஒரு முறை கண்ணால் பாருங்கள். மருந்தைவிட கண் முக்கியம்.

தேன்கனி
செவ்வாய், மதியம் 1.25

மொழியைப் பற்றி எவரும் பேசவில்லையே. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஓசூர்ப் பக்கத்திலிருந்து அங்கே வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். கிருஷ்ணகிரி டவுனில் உருது. என் அத்தை தமிழில் பேசுவார், வலி வந்தால் தெலுங்கில்தான் கத்துவார். நோப்பி, நோப்பி என்று. அந்தக் காலத்து ஆயாக்கள்தான் டாக்டருக்கு எடுத்துச் சொன்னவர்கள். மாந்தோப்பின் அம்மாவுக்கும் நாலு மொழி தெரிந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

விளக்கப் பலகையை நாலு மொழியில் எழுதினால் சுவர் முழுக்க எழுத்தாகிவிடும். தமிழைப் பெரிதாக எழுதுங்கள். மற்ற மூன்றையும் குரலாக வையுங்கள். வலிக்கிறது என்பதை நாலு மொழியிலும் தாழ்வாரத்தில் ஒலிக்க விட்டால்கூடப் போதும்.

மாந்தோப்பு
செவ்வாய், மாலை 7.30

அம்மாவிடம் கேட்டேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவாராம், உருதில் "எங்கே வலிக்கிறது" மட்டும் தெரியுமாம். கஹாங் தர்த் ஹை என்று சொல்லிக் காட்டினார். எனக்கு இத்தனை வருடமாக இது தெரியாது.

ஒகேனக்கல்தண்ணீர்
செவ்வாய், இரவு 9.05

குடிநீர்ப் பரிசோதனையில் வேலை பார்த்தவன். நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக் கூடம் வைத்துவிட்டு ஃபுளோரைடைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது முழுமையாகாது. பல்லில் பழுப்புக் கறை, வளைந்த கால், நிமிர முடியாத முதுகு. இவற்றை நம் ஆட்கள் வம்சத்துக் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆழ்குழாயிலிருந்து வந்த தண்ணீர்தான் காரணம். இங்கே பாறைக்குள்ளேயே ஃபுளோரைடு இருக்கிறது, ஆழம் போகப் போகத் தண்ணீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரின் கறை சாகும்வரை போகாது. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது.

ஆளின் படத்தைப் போடாதீர்கள். வளைந்த காலைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவது எனக்குப் பிடிக்காது. பதிலாக ஒரு சோதனை வையுங்கள். ஜிர்கோனியம் அலிசரின் கரைசலை ஊற்றினால் ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சளாக வெளுக்கும். மூடிய கண்ணாடிக் குழாய்களில் வரிசையாக அந்த நிறங்களை வைத்துவிட்டு, வாரம் ஒரு நாள் ஜனங்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து பார்க்கும்படி செய்யுங்கள். ஆஸ்பத்திரியாக இருந்த இடம், ஒரு நாளாவது ஆஸ்பத்திரி வேலையைச் செய்யட்டும். ஆளை நான் ஏற்பாடு செய்கிறேன்.

காவேரிப்பட்டணத்தான்
செவ்வாய், இரவு 9.40

அம்மை குத்திய தழும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வயதுக்காரர்கள் கையில் இன்னும் இருக்கிறது. வட்டமாக, ஓரத்தில் பல் பல்லாக. அம்மை குத்த வருகிறார்கள் என்றால் நாங்கள் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975ல். அதற்கப்புறம் பிறந்த என் பிள்ளைகளுக்கு அது இல்லை. பார்க்க வரும் தாத்தா சட்டைக் கையைத் தூக்கிப் பேரனுக்குக் காட்டுவார், அதற்கு ஒரு பெஞ்சு போதும். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பு வேறு, அது சின்னது, தோளுக்குக் கீழே. இரண்டையும் படம் போட்டு வைத்தால் குழப்பம் வராது.

அரூர்வாசி
புதன், காலை 7.05

பெஞ்சு என்றதும் ஞாபகம் வந்தது. சென்னை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி 1819ல் தொடங்கியது. அங்கே முன்பு வேலை பார்த்த டாக்டர் எலியட் பெயரில் ஒரு கண் மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது. டாக்டர்கள் படிக்க அது நல்ல இடம். உங்களுடையது அப்படி ஆகிவிடக் கூடாது, பார்க்க வருகிறவர்கள் வேறு. கால் வலிக்கிற கிழவிகள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள். பெட்டிகளுக்கு நடுவே சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விடுங்கள். படிக்குப் பதில் சரிவு, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இதைக் குறைக்கச் சொல்வார்கள், குறைக்காதீர்கள்.

வெள்ளைத்தொப்பி
புதன், இரவு 9.15

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வளர்க்க முடியாத பெண் குழந்தையைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் ஆரம்பித்தது, 2001ல் நம் மாவட்டத்துக்கு வந்தது. பெண் சிசுக்கொலை நடந்த ஊர் நம்முடையது, மறைத்துப் பயனில்லை. நான் இருந்த ஓர் இடத்தில் வாசலில் தொட்டில் வைத்திருந்தோம். ஒரு விடியற்காலையில் துணி சுற்றிய குழந்தை. தலையில் எண்ணெய் தடவி, கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு வைத்திருந்தது. விட்டுப் போகிறவள் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

தொட்டிலை வைப்பதாக இருந்தால் பொம்மைக் குழந்தை வேண்டாம். வெறும் தொட்டில். என்ன திட்டம், எந்த வருடம், இரண்டு வரி. பிரசவ அறைக்குள் வைக்காதீர்கள், பிள்ளைத்தாய்ச்சிகளும் வருவார்கள். வெளியே போகும் வழியிலும் வேண்டாம். வார்டின் மூலையில், தேடிப் போனால் தெரியும்படி.

கல்தூண்
புதன், இரவு 9.50

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்கொடைப் பலகைக்கு ஒதுக்கிய நான்காவது அறையை, பேரேடு பார்க்க வரும் குடும்பங்களுக்கே விட்டுவிடலாம். கமிட்டியில் எனக்குத் தெரிந்த இருவர் இருக்கிறார்கள், நான் பேசுகிறேன். பெயர்களைத் தூணுக்குக் கீழே சின்னதாக வெட்டினால் போதும், நிற்கும்.

மாந்தோப்பு
வெள்ளி, இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். தாழ்வாரத்தில் பழைய மர பெஞ்சு, மிக்சர் பாட்டில், நாலு மொழிக் குரல். செருப்பு விடுவதற்குப் பின்பக்கம் தனி இடம். முதல் அறையில் சீட்டு, டாக்டர், புளியங்கொட்டை ஜாடிகள், அந்த ஒரு வார்த்தை. இரண்டாவது, வடக்குச் சன்னல் அறை, அப்படியே. மூன்றாவதில் வார்டு, தண்ணீர்ச் சோதனை, மூலையில் தொட்டில். நான்காவதில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. தொடுதிரை இப்போதைக்கு இல்லை.

நேற்று அம்மாவைக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனேன். வார்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். கட்டில்கள் எதுவும் இல்லை, வெறும் தரைதான். ஆனாலும் கட்டில் இருந்த இடங்களைச் சுற்றி வளைந்துதான் நடந்தார், நடுவில் மிதிக்கவே இல்லை. அவர் போன வழியைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு அளந்துகொண்டேன். ஒவ்வொரு கட்டிலின் நீள அகலமும், இடைவெளியும் அப்படியே கிடைத்துவிட்டது. அந்தக் கோட்டைத் தரையில் பித்தளைப் பட்டையாகப் பதிக்கலாம் என்று இருக்கிறேன்.

ராயக்கோட்டைத் தம்பி, உங்கள் அப்பா பிறந்தது சுமாராக எந்த வருடம் என்று மட்டும் எழுதுங்கள். திங்கட்கிழமை நர்ஸ் அக்கா வருகிறார், இருவருமாகத் தேடுகிறோம்.